கோர் 76 டிகிரிதான், ஆனாலும் எஃப்பிஎஸ் சரியுது: ஆர்டிஎக்ஸ் 3080-க்கு எந்த சென்சாரைப் பார்ப்பது, எப்படி அண்டர்வோல்ட் பண்ணுவது?

பூச்சியம்_ஒன்று (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. சிஸ்டம்: ரைசன் 7 5800எக்ஸ், பி550 போர்டு, 3600 வேக ரேம் 32 ஜிபி, 750 வாட் கோல்டு பவர் சப்ளை, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆர்டிஎக்ஸ் 3080 10 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, மூன்று ஃபேன் மாடல். கேபினெட்டில் முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. அறையில் ஏசி கிடையாது, மதியம் 34 டிகிரி வரை போகும்.

1440பி-யில் கேம் ஆரம்பித்ததும் 110 எஃப்பிஎஸ் (நொடிக்கு ஃபிரேம்) வருது. கால் மணி நேரம் கழிந்ததும் 85-90க்கு இறங்கிடுது. அதே சமயம் கார்டு ஃபேன் 100 சதவீதத்துக்குப் போய் இரையுது. ஆனால் ஆஃப்டர்பர்னரில் (கார்டைக் கண்காணித்து அமைப்பை மாற்றும் மென்பொருள்) ஜிபியு வெப்பம் 76 டிகிரிதான் காட்டுது. 83 தாண்டினால்தானே வேகம் குறையணும்?

இப்போ ஆஃப்டர்பர்னரில் வைத்திருப்பது: பவர் லிமிட் 110, கோர் +120, மெமரி +1000. கிராஷ் எதுவும் இல்லை.

இன்னொரு குழப்பம்: சிபியு வெப்பம் போர்டு கம்பெனி மென்பொருளில் 68, ஆஃப்டர்பர்னரில் 84. எதை நம்புவது? வோல்டேஜ் குறைத்தால் (அண்டர்வோல்ட்) சரியாகும்னு சொல்றாங்க. படிப்படியாக யாராவது சொல்லுங்களேன்.

---

வெப்பமானி

நீங்க பார்க்கிற 76, கோர் வெப்பம், அதாவது ஜிபியு சிப்போடது. பிரச்சினை அங்கே இல்லை. 3080-இல் இருப்பது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. அதற்குத் தனி சென்சார் உண்டு. எச்டபிள்யூஇன்ஃபோ64 என்ற சென்சார் மென்பொருளை இறக்கி, திறக்கும்போது "சென்சார்ஸ் ஒன்லி" மட்டும் டிக் பண்ணி உள்ளே போங்க. ஜிபியு பகுதியில் மூன்று வெப்ப வரி இருக்கும்: ஜிபியு டெம்பரேச்சர், ஹாட் ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடான இடம்), மெமரி ஜங்ஷன். மூன்றாவதுதான் உங்களுக்கு வேணும். அது 110-ஐத் தொட்டதும் கார்டு தானாகவே வேகத்தைக் குறைக்கும். கோர் 76-இல் இருக்கும்போது ஃபேன் 100க்குப் போகுதுன்னா, ஃபேனை விரட்டுவது கோர் இல்லை, மெமரி. நீங்க சொன்ன அறிகுறி அப்படியே பொருந்துது.

ஊகத்தை விட்டுட்டு உறுதி பண்ண வழி இருக்கு. அதே ஜிபியு பகுதியில் "பெர்ஃபார்மன்ஸ் லிமிட்" என்று தொடங்கும் வரிகள் வரும். "பவர்" என்பதில் யெஸ் என்றால் வாட் உச்சத்தைத் தொட்டிருக்கு; "தெர்மல்" யெஸ் என்றால் சூடு தடுக்குது; "ரிலையபிலிட்டி வோல்டேஜ்" என்றால் வோல்டேஜ் எல்லை. ஜிபியு-இசட் வைத்திருந்தால் "பெர்ஃப்கேப் ரீசன்" வரியும் இதையேதான் சொல்லும். விளையாட ஆரம்பிக்கும் முன் எச்டபிள்யூஇன்ஃபோவில் கடிகாரப் பொத்தானை அழுத்தி மின்/மேக்ஸ் எண்களை அழிச்சுடுங்க. அரை மணி நேரம் விளையாடிட்டு மேக்ஸ் பத்தியைப் பாருங்க. கேம் மூடின பிறகு தெரியற "கரன்ட்" எண்ணால் பயன் இல்லை, பத்து நொடியிலேயே இறங்கிடும்.

ஹாட் ஸ்பாட்டுக்கும் கோருக்கும் 10-15 டிகிரி வித்தியாசம் இருப்பது சகஜம். 25-ஐத் தாண்டினால் கோருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கணும், இல்லைன்னா ஹீட்சிங்க் சரியா உட்காரலை.

அப்புறம் அந்த +1000 மெமரியை உடனே 0 ஆக்குங்க. ஆஃப்டர்பர்னரில் 3080-க்கு மெமரி 9501 காட்டும், அதாவது 19 ஜிபிபிஎஸ். +1000 என்றால் 21 ஜிபிபிஎஸ். கிராஷ் வரலைன்னு சொல்றீங்க, வராதுதான். 30 சீரிஸ் கார்டில் மெமரித் தவறு வந்தால் அந்தத் தரவைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு இருக்கு. படம் கெடாது, கேம் விழாது, திரும்ப அனுப்புற நேரம் மட்டும் வீணாகும். அதனால் "கிராஷ் இல்லை, ஆகவே நிலையானது" என்கிற கணக்கு மெமரிக்குச் செல்லாது. +200, +400 என்று ஏற்றி ஒவ்வொரு முறையும் பெஞ்ச்மார்க் ஸ்கோரைக் குறிச்சு வைங்க. ஸ்கோர் ஏறுவது நின்ற இடம்தான் எல்லை, அதிலிருந்து 100 குறைத்து நிறுத்தணும். ஆனால் உங்க கார்டுக்கு இப்போ அதெல்லாம் வேண்டாம், முதலில் சூடு.

சிபியு விஷயம்: 84 தான் உண்மைக்குப் பக்கம். எச்டபிள்யூஇன்ஃபோவில் "சிபியு (டிசிடிஎல்/டிடை)" என்ற வரியைப் பாருங்க, அது சிப்புக்குள்ளேயே இருக்கும் சென்சாரின் கணக்கு. போர்டு மென்பொருள் பெரும்பாலும் மதர்போர்டு சிப் வழியாக வரும், மெதுவாக நகரும் எண்ணைக் காட்டும். 5800எக்ஸ்-க்கு ஏஎம்டி சொன்ன உச்சம் 90 டிகிரி. எட்டு கோரும் ஒரே சின்ன சிப்லெட்டில் நெருக்கமா இருப்பதால் 84 அதற்குப் புதுசு இல்லை.

---

வோல்ட்_வளைவு

மேலே சொன்னது சரி. அண்டர்வோல்ட் பகுதியை நான் எழுதுகிறேன்.

முதலில் பவர் லிமிட்டை 100க்குக் கொண்டுவாருங்கள். 3080-இன் இயல்பு 320 வாட். 110 வைத்தால் 352. கூடுதலாக வரும் 32 வாட்டும் அதே ஹீட்சிங்க்கில்தான் இறங்குகிறது, பக்கத்தில் இருக்கும் மெமரியையும் சேர்த்துச் சுடுகிறது. கிடைப்பதோ ஓரிரண்டு எஃப்பிஎஸ்.

பிறகு ரீசெட் அழுத்திவிட்டு, ஏதாவது ஒரு 3டி சுமையை விண்டோவில் ஓடவிட்டுக் கார்டைப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். இதைப் பலர் தவறவிடுகிறார்கள். வெப்பம் மாறினால், எந்த வோல்டேஜில் எந்த வேகம் என்று சொல்லும் வளைவு முழுவதும் 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாக மேலே கீழே நகரும். குளிர்ந்த கார்டில் 1800 என்று வைத்தால் சூட்டில் அது 1785 அல்லது 1770 ஆகிவிடும்.

சூடான பிறகு கண்ட்ரோல் + எஃப். வளைவு ஜன்னல் திறக்கும்; கிடையாக மில்லிவோல்ட், செங்குத்தாக மெகாஹெர்ட்ஸ். 850 மில்லிவோல்ட் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். யூடியூபில் பரவலாகக் காட்டும் வழி, வளைவு முழுவதையும் 300 இறக்கிவிட்டு அந்த ஒரு புள்ளியை மட்டும் 1800க்குத் தூக்குவது. சுலபம்தான், ஆனால் நான் சொல்லமாட்டேன். புள்ளிக்கு இடப்பக்கம் செங்குத்தான சுவர் மாதிரி ஆகிவிடும். எச்டபிள்யூஇன்ஃபோவில் "ஜிபியு எஃபெக்டிவ் கிளாக்" என்ற வரியைப் பார்த்தால், ஆஃப்டர்பர்னர் 1800 என்று சொல்லும்போது உண்மையில் ஓடுவது அதைவிடக் குறைவாக இருக்கும். நிலையாக இருப்பதற்குக் காரணம் அண்டர்வோல்ட் நன்றாக அமைந்தது அல்ல, கார்டு கேட்ட வேகத்தில் ஓடவே இல்லை என்பதுதான்.

சரியான வழி: பிரதான ஜன்னலில் கோர் கிளாக் ஸ்லைடரைக் கூட்டி, 850-இல் இருக்கும் புள்ளி 1800 அருகே வரும்வரை வளைவு முழுவதையும் ஏற்றுங்கள். எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பது சிப்புக்குச் சிப் மாறும். அடுத்து வளைவு ஜன்னலில் ஷிஃப்ட் அழுத்திக்கொண்டு 850-க்கு வலப்பக்கம் முழுவதையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள், ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்து 1800 கோட்டுக்குக் கீழே தள்ளுங்கள். பிரதான ஜன்னலில் டிக் பொத்தானை அழுத்தினால் வலப்பக்கம் நேர்க்கோடாகிவிடும். இனி கார்டு 850-ஐத் தாண்டி வோல்டேஜ் கேட்காது.

850-இல் 1800 நிற்கவில்லை என்றால் 875-இல் 1800 முயலுங்கள். வேகம் வேண்டுமென்றால் 900-இல் 1875-1900. ஆனால் 34 டிகிரி அறையில் அந்த 900-ஐ நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சோதனை: 3டிமார்க் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட், 20 சுற்று. ஃபிரேம் வேக நிலைத்தன்மை 97 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் பாஸ் கொடுக்கும். உங்கள் தற்போதைய அமைப்பில் அது தோல்வி காட்டினாலும் ஆச்சரியமில்லை, மெமரி சூட்டில் பின்சுற்றுகள் இறங்கும் அல்லவா. அது முடிந்ததும் ரே டிரேசிங் உள்ள போர்ட் ராயல். டைம் ஸ்பையில் தப்பித்த அண்டர்வோல்ட் ரே டிரேசிங்கில் விழுவது வாடிக்கை.

ஃபர்மார்க் (கார்டுக்கு உச்சச் சுமை கொடுக்கும் சோதனை) போடாதீர்கள். கார்டு வெடித்துவிடும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சுமையில் பவர் லிமிட் முந்திக்கொள்ளும். கார்டு 1800-க்கு ஏறவே ஏறாது, வளைவின் கீழ்ப்பகுதியில் 750, 775 மில்லிவோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். நீங்கள் சோதிக்க நினைத்த புள்ளியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சோதித்து முடிப்பீர்கள்.

கேம் நடுவில் திரை கறுத்துத் திரும்பினால் ஈவென்ட் வியூவரில் டிஸ்ப்ளே 4101 அல்லது என்விஎல்டிடிஎம்கேஎம் பிழை பதிவாகியிருக்கும். இரண்டு நொடிக்குள் கார்டு பதில் சொல்லாததால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்கியிருக்கிறது. அதன் பிறகு ஆஃப்டர்பர்னரில் உங்கள் எண்கள் தெரிந்தாலும் கார்டில் அவை இல்லாமல் போயிருக்கலாம். கணினியை ரீஸ்டார்ட் செய்யாமல் அடுத்த சோதனைக்குப் போகாதீர்கள். இல்லையென்றால் ஸ்டாக் (தொழிற்சாலை) அமைப்பைச் சோதித்துவிட்டு "இப்போது சரியாகிவிட்டது" என்று நினைப்பீர்கள். பிழை வந்தால் அதே வோல்டேஜில் 15 மெகாஹெர்ட்ஸ் குறையுங்கள்.

விண்டோஸ் சின்னம் உள்ள பொத்தான் தொடக்கத்திலேயே அமைப்பைப் போடும். சோதனை எல்லாம் முடியும்வரை அதை அழுத்தக் கூடாது. அழுத்தி மாட்டிக்கொண்டால் சேஃப் மோடில் போய் ஆஃப்டர்பர்னரைத் தொடக்கப் பட்டியலிலிருந்து எடுத்தால் போதும்.

---

கொழும்பு_கிளாக்

நல்ல விளக்கம், ஆனால் இவ்வளவு தூரம் போகத் தேவையா என்று கேட்கிறேன். பவர் லிமிட் ஸ்லைடரை 80-இல் வைத்தால் 256 வாட்டில் கார்டு தானே அடங்கி ஓடும். ஒரு ஸ்லைடர், ஒரு டிக். கிராஷ் பயமே இல்லை, ஏனென்றால் கார்டு தொழிற்சாலை வளைவிலேதான் ஓடுகிறது. புதிதாகப் பாவிக்கிற ஆட்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

வோல்டேஜைக் குறைத்தால் மின்செலவு அதன் இருபடியில் குறையும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். சூத்திரம் சரி. 1.05-இலிருந்து 0.85-க்கு வந்தால், அதே வேகத்தில், மாறும் மின்செலவு மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே வரும். ஆனால் பாரமான கேமில் ஸ்டாக் 3080 எங்கே 1.05-இல் நிற்கிறது? 320 வாட் எல்லையில் முட்டி முட்டி அதைவிடக் கீழேதான் ஆடிக்கொண்டிருக்கும். ஆகவே கிடைக்கும் மிச்சம் சூத்திரம் சொல்லும் அளவு பெரிதில்லை.

---

வோல்ட்_வளைவு

ஒப்புக்கொள்கிறேன், கிராஷ் பயம் இல்லாத வழி அதுதான். ஆனால் பவர் லிமிட் மட்டும் வைத்தால் வேகம் காட்சிக்குக் காட்சி அலையும்: லேசான காட்சியில் 1900, குண்டு வெடிக்கும் காட்சியில் 1500. எங்கே எஃப்பிஎஸ் தேவையோ அங்கேதான் இறங்கும். வளைவைத் தட்டையாக்கினால் இரண்டிலும் 1800. கேள்வி கேட்டவருக்கு இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்வேன்: 850-இல் 1800, அதன்மேல் பவர் லிமிட் 85. வளைவு அன்றாட வேலையைப் பார்க்கும், பவர் லிமிட் எல்லை மீறினால் பிடிக்கும். 3080-இன் நொடிப்பொழுது மின் உச்சங்களும் தணியும், 750 வாட் சப்ளைக்கு அது நல்லது.

---

பூச்சியம்_ஒன்று

பார்த்துட்டேன். ஸ்டாக்கில் மெமரி ஜங்ஷன் மேக்ஸ் 110, தெர்மல் யெஸ். ஹாட் ஸ்பாட் 89, கோர் 76. அண்டர்வோல்ட் போட்ட பிறகு 850-இல் 1800 டைம் ஸ்பையில் விழுந்தது; 1785 நிற்குது, போர்ட் ராயலும் பாஸ். 255 வாட் பக்கம் ஓடுது. கோர் 66. ஆனால் மெமரி இன்னும் 104. கோர் பத்து டிகிரி இறங்கியும் மெமரி ஆறுதான் இறங்கியிருக்கு. ஏன்?

கூடவே பயாஸில் சிபியுவுக்குக் கர்வ் ஆப்டிமைசர் (கோர் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டேன். சினிபெஞ்ச் சோதனை நல்லா ஓடுது, ஆனால் பிரவுசர் திறந்து சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகுது. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41. பவர் சப்ளை போச்சா?

---

வெப்பமானி

கோர் இறங்கினதால்தான் மெமரி இறங்கலை. மெமரி 110-ஐத் தொடாத வரை ஃபேன் கோர் வெப்பத்தை மட்டும் பார்க்கும். கோர் 66 ஆனதும் "சரி, குளிர்ந்துடுச்சு" என்று ஃபேனை 50 சதவீதத்துக்கு இறக்கியிருக்கும். ஆஃப்டர்பர்னர் செட்டிங்ஸில் ஃபேன் பகுதிக்குப் போய் சொந்த வளைவை இயக்கி 60 டிகிரிக்கு 65 சதவீதம், 68-க்கு 80 என்று வைங்க. ஃபேன் நொடிக்கொரு தரம் ஏறி இறங்கி எரிச்சல் பண்ணினால் அங்கேயே இருக்கும் ஹிஸ்டரிசிஸ் எண்ணை 3 டிகிரி ஆக்குங்க. மெமரி வெப்பத்தையே பார்த்து ஃபேன் ஓடணும்னா "ஃபேன் கண்ட்ரோல்" என்ற இலவச மென்பொருளில் எச்டபிள்யூஇன்ஃபோ பிளகின் போட்டு, மெமரி ஜங்ஷனை மூலமாகக் கொடுக்கலாம். அப்படிச் செய்தால் ஆஃப்டர்பர்னர் ஃபேனை ஆட்டோவில் விட்டுடணும். இரண்டு மென்பொருள் ஒரே ஃபேனை இழுத்தால் சத்தம் ஏறி ஏறி இறங்கும்.

அப்படியும் 100-க்குக் கீழே வரலைன்னா மெமரிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் தெர்மல் பேட் காய்ந்திருக்கு. எத்தீரியம் கிரிப்டோ நாணயம் 2022 செப்டம்பரில் சுரங்க (மைனிங்) முறையைக் கைவிட்டதும் 3080 கார்டுகள் குவியல் குவியலா செகண்ட் ஹேண்டுக்கு வந்தது. சுரங்க வேலையில் கோர் ஓய்வா இருக்கும், மெமரிதான் நாள் முழுக்க 100-க்கு மேல் வெந்துக்கிட்டிருக்கும். உங்க கார்டின் பின்பக்கத்திலோ ஹீட்சிங்க் விளிம்பிலோ எண்ணெய் கசிந்த பளபளப்பு தெரிந்தால் அது பேடில் இருந்து ஊறினது.

மாற்றும்போது கவனம் தடிமனில். 10 ஜிபி 3080-இல் கோரைச் சுற்றிப் பத்து மெமரி சிப், எல்லாம் முன்பக்கம். பேட் தடிமன் மாடலுக்கு மாடல் மாறும். அதே கம்பெனியின் இரண்டு 3080-க்குக்கூட ஒன்றாக இருக்காது. உங்க மாடல் பெயரோடு சரியான எண்ணைத் தேடிக் கண்டுபிடிச்ச பிறகுதான் திறக்கணும். அரை மில்லிமீட்டர் தடிமனா வைத்தால் ஹீட்சிங்க் கோரைச் சரியா தொடாது: மெமரி அழகா 85 காட்டும், ஹாட் ஸ்பாட் 105-க்குப் போகும். மெல்லிசா வைத்தால் மெமரிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் காற்று. மூடின பிறகு ஒரு சோதனை ஓட்டி அந்த மூன்று வெப்ப வரியையும் திரும்பப் பாருங்க. ஹாட் ஸ்பாட் இடைவெளி இப்போ உங்களுக்கு 13, அது கூடியிருந்தால் கழற்றித் திரும்ப மாட்டணும்.

---

கொழும்பு_கிளாக்

சிபியு பக்கம் நான் சொல்கிறேன். பவர் சப்ளையை விட்டுவிடுங்கள். கெர்னல்-பவர் 41 "கணினி முறையாக நிறுத்தப்படவில்லை" என்று மட்டும்தான் சொல்லும், காரணம் சொல்லாது. அதற்குப் பக்கத்து நேரத்தில் டபிள்யூஎச்இஏ-லாக்கர் 18 (வன்பொருள் பிழைப் பதிவு) இருக்கிறதா பாருங்கள். அதைத் திறந்தால் ஒரு ஏபிக் ஐடி எண் இருக்கும். 5800எக்ஸ்-இல் கோருக்கு இரண்டு திரெட், ஆகவே அந்த எண்ணை இரண்டால் வகுத்து மிச்சத்தை விட்டால் கோர் எண். 10 அல்லது 11 என்றால் கோர் 5.

சினிபெஞ்ச் ஏன் ஓடுகிறது? எட்டு கோரும் சேர்ந்து ஓடும்போது வேகமும் வோல்டேஜும் மட்டாக இருக்கும், மைனஸ் 30 தாங்கும். சும்மா இருக்கும்போது ஒரு டேப் திறந்தால் ஒரே ஒரு கோர் 4.8 கிகாஹெர்ட்ஸ் பக்கம் பாயும். அந்த நேரத்தில் மைனஸ் 30 என்பது, ஒரு எண்ணுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் வீதம், 90 முதல் 150 மில்லிவோல்ட் குறைவு. அந்தப் பாய்ச்சலில் விழுகிறது.

எச்டபிள்யூஇன்ஃபோவில் கோர்ப் பெயருக்குப் பக்கத்தில் "பெர்ஃப்" என்று தரவரிசை இருக்கும். முதல் இரண்டு கோர்கள் ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் அதிக வேகம் ஓடுபவை. அவற்றில் குறைக்க இடம் குறைவு. அந்த இரண்டுக்கும் மைனஸ் 10, மற்றவைக்கு மைனஸ் 20 என்று தொடங்குங்கள். கோர்சைக்ளர் என்ற ஸ்கிரிப்டைப் பாவியுங்கள், அது ப்ரைம்95 சோதனையை ஒவ்வொரு கோராகத் தனித்தனியே ஓட்டும். இரவில் ஓடவிட்டால் காலையில் எந்தக் கோர் விழுந்தது என்று பதிவில் இருக்கும், அதற்கு மட்டும் 3 அல்லது 5 எண் திருப்பிக் கொடுங்கள். சூட்டுக்காகத்தான் இதெல்லாம் என்றால் பயாஸில் பிபிடி எல்லையை (சிபியு மின் எல்லை) 142 வாட்டிலிருந்து 110 ஆக்குங்கள். கேமில் வித்தியாசம் தெரியாது.

---

ரிங்_ஜீரோ

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. போர்டு கம்பெனி மென்பொருள், லைட்டிங் மென்பொருள், எச்டபிள்யூஇன்ஃபோ, ஆஃப்டர்பர்னர் எல்லாத்தையும் ஒரே நேரத்தில் ஓடவிடாதீங்க. ஒரே சென்சார் சிப்பை நாலு பேர் கேட்டால் நடுவில் 0 டிகிரி, 255 டிகிரி மாதிரி அபத்த எண் வரும், சில நேரம் மைக்ரோ ஸ்டட்டரும் வரும். ஆஃப்டர்பர்னரில் போலிங் பீரியட் 1000 மில்லிசெகண்ட் இயல்பு. கிராஃப் அழகா வரணும்னு 100 ஆக்காதீங்க. எச்டபிள்யூஇன்ஃபோ இலவசப் பதிப்பில் ஷேர்டு மெமரி (மற்ற மென்பொருளுக்கு எண்களைக் கொடுக்கும் வழி) 12 மணி நேரத்தில் அணைஞ்சுடும். ஃபேனை ஓட்டுற மென்பொருள் அந்த வழியில் எண் எடுத்தால் இதை மறக்கக் கூடாது: எண் வருவது நின்னா ஃபேன் எந்த வேகத்தில் நிற்கும்னு நம்பி விட முடியாது. நீண்ட நேரம் ஓடுற கணினிக்கு ஆஃப்டர்பர்னரின் கோர் வளைவே மேல்.

டவுன்லோட் விஷயத்தில் எம்எஸ்ஐ தளம் அல்லது குரு3டி, இரண்டைத் தவிர வேறு வேண்டாம். ஆஃப்டர்பர்னர் பெயரில் போலித் தளம் நடக்குதுன்னு 2021-இல் எம்எஸ்ஐயே எச்சரிக்கை விட்டது. பழைய பதிப்பு பென்டிரைவில் இருந்தால் அதையும் போடாதீங்க. இந்த மென்பொருட்கள் எல்லாம் கெர்னல் டிரைவர் (விண்டோஸின் அடிமட்டத்தில் முழு அதிகாரத்தோடு ஓடுவது) வழியாகத்தான் வன்பொருளைத் தொடுது. ஆஃப்டர்பர்னரின் ஆர்டிகோர்64 டிரைவரில் இருந்த ஓட்டையை (சிவிஇ-2019-16098) வைத்து 2022-இல் பிளாக்பைட் ரேன்சம்வேர் ஆன்டிவைரஸையே முடக்கியது. சென்சார் மென்பொருள் பல பயன்படுத்தும் வின்ரிங்0 டிரைவரும் இதே கதைதான். 2025-இல் விண்டோஸ் டிஃபெண்டர் அதைப் பிடிக்க ஆரம்பிச்சதும் ஃபேன் கண்ட்ரோல் உட்பட பல மென்பொருளுக்கு எச்சரிக்கை வந்தது. அப்படி வந்தால் டிஃபெண்டரில் விதிவிலக்கு கொடுக்காதீங்க, மென்பொருளின் புதுப் பதிப்பைப் போடுங்க.